கப்பலின் விலாவில் ஒரு வாசல்

டெல்லியில் உட்கார்ந்துகொண்டு கப்பல் வரைவதைப் போல வேடிக்கையான பிழைப்பு வேறு கிடையாது. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் ரயிலில் போக வேண்டும். ஆனாலும் கடற்படைக்கான கப்பல்கள் முதலில் உருவாவது அங்கேதான், எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், சாய்வு மேசைகளில் விரித்த காகிதத்தில். நான் அங்கே சிவிலியன் வடிவமைப்பாளர். சீருடை கிடையாது, சல்யூட் கிடையாது, புடவையும் ஸ்வெட்டரும்தான். மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து காலை எட்டேகாலுக்கு சார்ட்டர்டு பஸ். பக்கத்து சீட்டுப் பெண்கள் எந்த ஆபீஸ், என்ன வேலை என்று விசாரிப்பார்கள். கப்பல் வரைகிறேன் என்றால் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். அதற்கப்புறம் கிளார்க் என்றே சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களிடம் ஒரு புதிய ரோந்துக் கப்பல் வரிசை வந்தது. ரோந்துக் கப்பலுக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. வாரக்கணக்கில் கடலில் சுற்ற வேண்டும், கடத்தல்காரனை மடக்க வேண்டும், வழி தப்பிய படகைத் தேட வேண்டும். போலீஸ்காரன், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி மூன்றையும் ஒன்றாக்கித் தண்ணீரில் விட்ட மாதிரி. அதனால் அதில் என்ன வைப்பது என்பதில் தீராத ரகளை. பீரங்கிக்காரர்களுக்குப் பெரிய பீரங்கி வேண்டும். விமானக்காரர்களுக்கு ஹெலிகாப்டர் தளம் போதாது, அதற்குக் கூரையும் வேண்டும். எஞ்சின்காரர்கள் எதைக் கொடுத்தாலும் போதவில்லை என்பார்கள். எல்லாருக்கும் ஆமாம் சொன்னால் கப்பல் மேல்பாரத்தில் குப்புற விழுந்துவிடும்.

அதற்காக எங்கள் தலைவர், கடற்படையில் கமடோர் பதவியில் இருந்தவர், ஒரு சட்டம் போட்டிருந்தார். யார் எதை ஏற்றச் சொன்னாலும், அதே எடைக்கு எதை இறக்குவது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் யாராவது இன்னொரு ராடார் என்று வாயைத் திறந்தால் போதும், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "அச்சா. எதை இறக்கலாம்?" என்பார். பாதிப் பேர் அங்கேயே வாயை மூடிக்கொள்வார்கள். அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது, நானே வாயைத் திறக்க வேண்டிய நாள் வரும்வரை.

நான் கேட்க நினைத்தது ஒரு வாசல். அதற்குக் காரணம் என் அண்ணன்.

தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் எங்கள் ஊர். நான் கப்பல் கட்டும் படிப்பில் சேர்ந்தபோது, "படகுல ஏத்துனாலே வாந்தி எடுக்கிறவ, கப்பல் கட்டப் போறாளாம்" என்று கரை முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் அண்ணன். நான் டெல்லியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஐப்பசிக் காற்றில் அவன் படகு கவிழ்ந்தது. கூடப்போன இரண்டு இளவட்டங்களும் அவனும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் மிதந்தார்கள். மூன்றாம் நாள் காலை ஒரு சரக்குக் கப்பல் அவர்களைப் பார்த்து நின்றது. மேலிருந்து கயிற்று ஏணி போட்டார்கள். அண்ணன் மற்ற இருவரையும் முதலில் ஏறச் சொன்னான். அவர்கள் தட்டுத் தடுமாறி ஏறிவிட்டார்கள். பிறகு அவன் ஏணியைப் பிடித்தான். மூன்றாவது படிவரை வந்தான். அங்கே பிடி விட்டுவிட்டது. பிழைத்து வந்த இருவரும் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்.

கடல் கொண்டுபோனது என்றால் எங்கள் ஊரில் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள், அப்புறம் வலையை எடுப்பார்கள். இது அப்படி இல்லை. கப்பல் வந்தது, நின்றது, ஏணியும் போட்டது. பன்னிரண்டு அடி உயரம் ஏற முடியாமல் செத்தான். அம்மாவுக்கு அதைச் சொல்லி ஆற்ற யாருக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. எனக்கோ துக்கத்துக்கு அடியில் ஒரு கோபம் கிடந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். கோபம் அண்ணன் மேல்தான். வலை இழுத்துக் காய்ப்பேறிய கை அது. இன்னும் ஒரு நிமிஷம் பிடித்திருக்கக் கூடாதா? மூன்றாவது படி ஏறியவன் நாலாவதை எட்டிப் பிடித்திருக்கக் கூடாதா? இந்தக் கேள்வியை எட்டு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் வந்தேன்.

அலுவலகத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் என்று டீ வாங்கிக் கொடுப்பார்கள், வரைபடத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்தப் பரிதாபம் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது கப்பலின் நடுப்பகுதியில், தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டடி உயரத்தில், பக்கத் தகட்டை உள்ளே தள்ளி அமைத்த ஒரு சின்ன மேடை. அதற்குப் பின்னால் தண்ணீர் புகாத இரும்புக் கதவு. அலையில் கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் தூக்கித் தூக்கிப் போடும், நடுப்பகுதி அவ்வளவு ஆடாது. பின்பக்கம் ப்ரொப்பெல்லர் வேறு சுற்றும். ஏற முடியாத ஒருவரை உள்ளே வாங்க அதைவிட நல்ல இடம் கப்பலில் இல்லை.

எங்கள் அறையில் எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்திய ஒரு பொம்மை மனிதன் இருந்தான். பிளாஸ்டிக் தாளில் வரைபட அளவுக்கு வெட்டிய ஆள். பெயர் பையாஜி, இந்தியில் அண்ணாச்சி என்கிற மாதிரி. கதவு உயரம் போதுமா, படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறதா, படுக்கை இடிக்குமா என்றெல்லாம் பார்க்க அவனைத்தான் வரைபடத்தின் மேல் நகர்த்துவோம். பையாஜி ஐந்தடி எட்டங்குலம், திடகாத்திரம், எப்போதும் நிமிர்ந்தே நிற்பான். அவன் ஏறாத ஏணி கிடையாது. அவனுக்குப் பசிக்காது, கை ஈரமாகாது. எத்தனையோ வருஷமாக அத்தனை கப்பல்களையும் அவனை வைத்தே சரிபார்த்திருக்கிறோம், நானும் சேர்த்துத்தான். ஒருநாள் மத்தியானம், என் வீட்டுக்காரரின் பழைய நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் கத்தரித்து, அதே அளவில் படுத்திருக்கும் ஒரு ஆளைச் செய்தேன். அவனை வரைபடத்தில் தண்ணீர்க் கோட்டின் மேல் வைத்துவிட்டு, கப்பலுக்குள் எங்கே கொண்டுபோவது என்று பார்த்தேன். கொண்டுபோக வழியே இல்லை.

நான் கேட்ட இடத்துக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருந்தார். தளவாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவின் கமாண்டர். பல வருஷம் கடலில் இருந்துவிட்டு டெல்லிக்கு வந்தவர். அந்த இடத்தில் வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் காற்றோட்டமான கிடங்கு வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் மனதுக்குள் அவருக்கு வெங்காயக் கமாண்டர் என்று பெயர் வைத்துவிட்டேன். ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அவர் இருந்த ஒரு கப்பலில் நடுக்கடலில் கிழங்கு மொத்தமும் அழுகி, நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிட்டு, வெறும் பருப்பும் சோறுமாக நாட்களை ஓட்டியிருக்கிறார்கள். போதாததற்கு அது வெங்காய விலை ஏறி டெல்லியில் ஆட்சியே ஆட்டம் கண்ட சமயம். கூட்டத்தில் அவர் வெங்காயம் என்றால் எல்லாரும் பயபக்தியோடு கேட்டார்கள்.

என் முறை வந்தபோது மேடையைப் பற்றிச் சொன்னேன். கமாண்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மேடம், மீட்புப் படகு இருக்கிறது. அதை இறக்க கிரேன் இருக்கிறது. கயிற்று ஏணி இருக்கிறது. நல்ல கப்பலின் விலாவில் எதற்கு ஓட்டை போட வேண்டும்?"

"காற்று அடங்காமல் படகை இறக்க முடியாது, சார். ஆனால் ஆட்கள் கவிழ்வது காற்று அடங்காதபோதுதானே?"

"அப்போது ஏணி. என் ஆட்கள் பத்து செகண்டில் ஏறுவார்கள்."

"உங்கள் ஆட்களைப் பற்றி நான் பேசவில்லை."

என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. கமடோர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அச்சா. எதை இறக்கலாம்?" என்றார். ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

மேடை, கதவு, அதைத் தாங்கும் சட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன் வந்தது. ஒன்றரை டன்னைத் தேடிக் கப்பல் முழுக்கக் காகிதத்தில் அலைந்தேன். குளியலறைகளின் தரையில் ஓட்டுக்கு அடியில் நாற்பது மில்லிமீட்டர் சிமெண்ட் பூச்சு போட்டிருந்தது. பழைய கப்பலின் வரைபடத்திலிருந்து யாரோ அப்படியே எடுத்து எழுதியது. பதினைந்து போதும். ஒவ்வொரு குளியலறையாகக் குறைத்தேன். மாலுமிகளின் இரும்பு அலமாரிகளை அலுமினியமாக்கினேன். அதிகாரிகளின் சாப்பாட்டு அறைச் சுவர்களில் கனமான மரப் பலகை பதிக்கச் சொல்லியிருந்தது, அதையும் எடுத்தேன். கப்பல் மூழ்கினாலும் பலகை மிதக்கும் என்பதைத் தவிர அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்று வாரத்தில் ஒன்றரை டன்னைத் தாண்டிவிட்டேன். ஆனால் எடை கிடைத்தால் மட்டும் போதாது. அறையில் இருக்கும் அத்தனை பேரும் மனதுக்குள் இன்னும் பையாஜியைத்தான் ஏணியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது என்று முதலில் எனக்கே தெரிய வேண்டியிருந்தது. ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன்காரனிடம் போய் ஐஸ் கேட்டேன். அவன் மப்ளரை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "மேடம்ஜி, இஸ் தண்ட் மே?" என்றான். வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். அவரும் அதையேதான் கேட்டார்.

"ஏட்டி, இந்தக் குளிருல ஐஸு எதுக்கு? கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு?"

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற ஒரு இரும்பு ஏணி உண்டு. வாளியில் ஐஸ் தண்ணீரை வைத்து முழங்கைவரை இரண்டு கையையும் விட்டேன். வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் ஐந்து நிமிஷம் எலும்பு வரை வலித்தது. அப்புறம் வலி போய்விட்டது. வலி போனதுதான் பயமாக இருந்தது. பதினைந்து நிமிஷம் ஆனதும் எழுந்து ஏணியைப் பிடித்தேன். முதல் படி, இரண்டாவது படி. மூன்றாவதற்குக் கையை நீட்டினேன். கை கம்பியின் மேல்தான் இருந்தது, என் கண்ணால் பார்க்கிறேன். மூடு என்கிறேன். மூடவில்லை. இன்னும் பலமாக மூடு என்கிறேன். விரல்கள் சும்மா கம்பியின் மேல் கிடந்தன. அப்படியே பின்னால் சாய்ந்தேன், வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

மாடித் தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து பிளாக்கில் துணி காயப்போட்ட பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். அண்ணன் பிடியை விடவில்லை. கை அவன் சொன்னதைக் கேட்கவில்லை. நாலாவது படியைப் பிடிக்கத்தான் பார்த்திருக்கிறான், கடைசிவரை அதைத்தான் பார்த்திருப்பான். எட்டு வருஷம் அவன்மேல் கோபப்பட்ட என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருந்தது. வீட்டுக்காரருக்கு அண்ணன் கதை தெரியும், ஆனால் என் கோபம் தெரியாது. அன்றுதான் சொன்னேன். அவர் என் கைகளைத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார்.

"சரி, அழுதது போதும். இத அப்படியே ஒங்க ஆபீஸ்ல காட்டு. நீ எழுதுத நோட்ட எவனும் படிக்க மாட்டான்" என்றார்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின்பக்கம் ஒரு கட்டடத்தில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. வேலை செய்தவர்களில் பாதிப் பேர் விழுப்புரம் பக்கத்துத் தமிழ் ஆட்கள். கமடோரிடம் அனுமதி வாங்கி, அவர்களைக் கொண்டே பின் முற்றத்தில் சவுக்குக் கட்டைச் சாரம் கட்டி, அதில் பிளைவுட் பலகைகளை அறைந்து, கப்பலின் பக்கத்தைச் சரியான உயரத்துக்கு நிறுத்தினேன். ஒரு பாதியில் கயிற்று ஏணி தொங்கியது. இன்னொரு பாதியில் நான் வரைந்த மேடை. மேஸ்திரியின் மனைவியும் அங்கே சித்தாள் வேலை செய்தாள். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேடையையே பார்த்தாள்.

"இது எதுக்குக்கா?"

சொன்னேன். தண்ணீரில் கிடப்பவனை இங்கே தூக்கிப் போட.

"அவன் கெடக்குறான், சரி. தூக்குறவன் எங்க நிப்பான்?"

"இங்கேதான், மேடையில்."

"இம்மாத்தூண்டு எடத்துலயா? நின்னுகிட்டு கீழ இருக்கறத தூக்குனா, தூக்குறவனும் சேந்து தலகுப்புற போயிடுவான்க்கா. நாங்க சாரத்துல கலவச் சட்டி வாங்கறப்ப ஒருத்தி மண்டி போடுவா. இன்னொருத்தி பின்னால ஒக்காந்து அவ இடுப்பப் புடிச்சிக்குவா. அப்பதான் கைக்கு பலம் வரும்."

அங்கேயே, மணலில் மண்டி போட்டுச் செய்து காட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. ஏற முடியாதவனை யோசித்த நான், தூக்குகிறவனைப் பையாஜியாகவே நினைத்துவிட்டேன். என் மேடை இரண்டடி ஆழம்தான். அன்று சாயங்காலமே அதை நாலடியாக்கினேன். முழங்கால் உயரத்தில், பின்சுவரில், இடுப்புப் பட்டையை மாட்ட ஒரு கம்பி சேர்த்தேன். வெங்காயக் கிடங்கில் இன்னும் இரண்டடி போனது. எடைக்காகச் சாப்பாட்டு அறையின் மேற்கூரைப் பலகையையும் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பனிமூட்டம் விலகியதும் எல்லாரும் பின் முற்றத்துக்கு வந்தார்கள். கீழே மெத்தைகள் போட்டிருந்தேன். ஒரு மாலுமி கயிற்று ஏணியில் சரசரவென்று ஏறினார். கமாண்டர் வாட்சைக் காட்டினார், ஒன்பது செகண்ட். நான் ஐஸ் வாளியைக் காட்டினேன்.

"நம் கடல் இவ்வளவு குளிராது, மேடம். வங்காள விரிகுடா வெதுவெதுப்பானது" என்றார் கமாண்டர்.

"தெரியும், சார். நான் அதன் கரையில் பிறந்தவள். சோறு தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தால் கை என்ன ஆகுமோ, அதை ஐஸ் பதினைந்து நிமிஷத்தில் செய்யும். உங்கள் ஆளை இரண்டு நாள் தொட்டியில் போட்டு வைக்க எனக்கு அனுமதி கிடைக்காது."

யாரோ சிரித்தார்கள். கமாண்டர் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றினார், சட்டைக் கையை மடித்தார். மாலுமி வேண்டாம், நானே என்றார். அந்த இடத்தில் அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. பதினைந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வாளிக்குள் கையை வைத்திருந்தார். பிறகு ஏணிக்குப் போனார். இரண்டு படி ஏறினார். மூன்றாவதில் கை கம்பியைத் தொட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது, நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மெத்தையில் பொத்தென்று சத்தம் கேட்டது.

அவர் எழுந்திருக்காமல் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மாலுமிகள் இருவரை மேடைக்குப் போகச் சொன்னேன். ஒருவர் மண்டியிட்டார், இன்னொருவர் பின்னால் பட்டையை மாட்டிக்கொண்டு அவர் இடுப்பைப் பிடித்தார். கமாண்டரைச் சும்மா படுத்திருக்கச் சொன்னேன், எதையும் பிடிக்க வேண்டாம் என்றேன். தோளுக்கடியில் கை கொடுத்து ஒரு இழுப்பு. எண்பது கிலோ ஆள் மேடைக்குள் வந்து விழுந்தார்.

கமடோர் மேடை வரை நடந்துவந்தார். கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

"அச்சா. எதை இறக்கலாம்?"

தாளை நீட்டினேன். சிமெண்ட், அலமாரி, பலகை, கூரை, கிலோ கிலோவாக. சாப்பாட்டு அறைப் பலகையில் வந்ததும் நிறுத்தினார். "மாலுமிகளுக்கு அலுமினியம், அதிகாரிகளுக்கு மொட்டைச் சுவரா?" என்றார். ஆமாம் என்றேன். கடைசிவரை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "முதல் கப்பலில் மட்டும் வை. கேப்டன் குறை சொன்னால், மேலே தகடு வைத்து வெல்டு செய்துவிடுவோம். மற்ற கப்பல்களுக்குக் கிடையாது." வெங்காயத்துக்குக் கமாண்டரே இடம் கண்டுபிடித்தார். புகைபோக்கிக்குப் பின்னால் மேல்தளத்தில், நாலு பக்கமும் கம்பி வலை அடித்த பெட்டிகள். அங்கே காற்று இன்னும் நன்றாக வரும் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

கப்பல் கட்டி முடிய வருஷங்கள் ஆயின. அதற்குள் கமடோர் ஓய்வு பெற்றுவிட்டார். கரோல் பாக் பக்கம் மெட்ரோவுக்காகத் தெருவையே தோண்டிப் போட்டிருந்தார்கள். கப்பல் கடலுக்குப் போன ஆறாவது மாதம் கேப்டனிடமிருந்து கடிதம் வந்தது. மேடைப் பள்ளத்தில் அலை மோதி இரவெல்லாம் சத்தம். உப்பு தங்கித் துரு ஏறுகிறது, சுத்தம் செய்யவே தனி ஆள் வேண்டும். இதுவரை ஒருமுறைகூடப் பயன்படவில்லை. தகடு வைத்து மூடிவிடப் பரிந்துரைக்கிறேன். புதிய தலைவர் ஓரத்தில் சரி என்று எழுதி ஃபைலை எனக்கு அனுப்பினார்.

அரசாங்க அலுவலகத்தில் ஒரு ஃபைலைத் தூங்கவைக்க ஆயிரம் வழி உண்டு. அத்தனை வருஷ வேலையில் நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. மற்றவர்கள் செய்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அந்த வருஷம் எல்லாவற்றையும் கையில் எடுத்தேன். தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கப்பல் கட்டும் தளத்தைக் கேட்டேன். பதில் வந்ததும், எந்த வகை இரும்பு என்று கேட்டேன். மூடினால் கப்பலின் சமநிலை மாறுமே, கணக்கை மறுபடி போட வேண்டாமா என்று எழுதினேன். பெயிண்ட் பிரிவின் கருத்து வேண்டும் என்று அவர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், ஃபைலைத் தொலைத்தே விட்டார்கள். புதிய தலைவர் என்னைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே இழுக்கிறீர்களா என்று நேராகக் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு வடகிழக்குப் பருவக்காற்று போகட்டும் சார், அதற்கப்புறமும் பயன்படவில்லை என்றால் நானே மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

ஐப்பசி முடிந்தது. கார்த்திகையும் பாதி போய்விட்டது. தினமும் காலையில் செய்தித்தாளில் காற்றழுத்தம் எங்கே என்று முதலில் பார்த்துவிடுவேன். காற்று வர வேண்டும் என்று நினைக்க மனசு வரவில்லை, வந்தால் கரையில் யார் வீட்டில் அழுகை கேட்குமோ. வராமல் போனால் வாசலை மூட வேண்டும். இரண்டையும் வேண்டிக்கொள்ள முடியாமல் திண்டாடினேன்.

ஒரு மத்தியானம் என் மேசைக்கு வெங்காயக் கமாண்டர் வந்தார். அவர் அப்போது வேறு பிரிவுக்கு மாறியிருந்தார், பதவியும் உயர்ந்திருந்தது. கையில் ஒரு தாள். உட்காராமலே நீட்டினார். கப்பலின் அறிக்கை. பலத்த காற்று, படகை இறக்க முடியவில்லை. கவிழ்ந்த நாட்டுப் படகிலிருந்து நாலு மீனவர்கள் பக்கவாட்டு மேடை வழியாக மீட்கப்பட்டனர். மூவர் தாங்களே கை கொடுத்து ஏறினர். நாலாமவர் வயதானவர், விரல்களை மடக்க முடியாத நிலை. ஒரு மாலுமி மண்டியிட, இன்னொருவர் அவர் இடுப்பைப் பிடிக்க, இழுத்து உள்ளே எடுத்தனர். நால்வரும் நலம். மேடையை மூடும் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். பின்சுவர்க் கம்பி இன்னும் ஆறங்குலம் முன்னால் இருந்தால் நல்லது.

நாலாமவரைப் பற்றிய வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கமாண்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் முடிக்கும்வரை போகவில்லை. அவர் போனதும் வரைபடத்தை விரித்துக் கம்பியை ஆறங்குலம் முன்னால் கொண்டுவந்தேன். மற்ற கப்பல்கள் அத்தனைக்கும் மேடை உண்டு என்று குறிப்பு எழுதித் தலைவரிடம் எடுத்துப் போனேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டிலிருந்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். மேடையைப் பற்றி அம்மாவிடம் அதுவரை ஒன்றும் சொன்னதில்லை. மூடிவிட்டால் அவளுக்கு இன்னொரு வலி எதற்கு என்று விட்டிருந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

"அந்தக் கை மடக்க முடியாதவன் வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டானா?"

"சேர்ந்துட்டாரும்மா."

"அவன பெத்தவ இருக்காளா?"

"அதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்காதும்மா."

"கேட்டுச் சொல்லு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் கப்பலுக்குக் கடிதம் எழுதினேன். மீட்கப்பட்ட நாலாவது நபரின் வயது, தண்ணீரில் இருந்த நேரம், தாயார் உயிருடன் இருக்கிறாரா என்ற விவரங்களை அனுப்பவும். எதற்காக என்ற கட்டத்தில், வடிவமைப்புத் தேவைக்காக என்று போட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. வயது ஐம்பத்து நாலு. ஒன்றரை நாள் தண்ணீரில். தாயார் இருக்கிறார், மகன் கரை இறங்கும்போது துறைமுகத்துக்கு வந்திருந்தார்.

அம்மாவைக் கூப்பிட்டு அதை அப்படியே படித்துக் காட்டினேன். தாயார் பற்றிய வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அவ நல்லாருக்கட்டும்" என்றாள் அம்மா.